ஏலம் போனது சரி, கைக்கு வந்தது எவ்வளவு?

இணைய ஏலத்தில் விற்கும் சிறு விற்பனையாளர்கள் அறிய வேண்டிய கட்டணக் கணக்கு

- வட்டக்கோட்டை மொத்த வணிகர் ஒருவர்



இணையதள வணிகத்தால் நமது சில்லறைக் கடைகள் படும் பாடு பற்றி வணிகர் இதழ்களில் பலரும் எழுதி வருகிறார்கள். எழுத வேண்டிய விஷயம்தான். அதே சமயம், அந்த இணையதளங்களில் நம் வீட்டாரும், நம் கடைப் பையன்களும், நம் வாடிக்கையாளர்களும் ஏதாவது ஒன்றை விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பாட்டி காலத்து உருளி, பழைய பித்தளை விளக்கு, கன்னியாகுமரிச் சிப்பி மாலை, பனை ஓலைப் பெட்டி, கடையில் மூன்று வருடமாகத் தேங்கிக் கிடக்கும் சரக்கு என்று எத்தனையோ. இவர்கள் முழுநேர வியாபாரிகள் அல்ல. மாதம் இரண்டு மூன்று உருப்படி விற்பவர்கள்.

பொருள் விலை போனதும் இவர்களுக்குச் சந்தோஷம். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகையைப் பார்த்ததும் குழப்பம். "400 ரூபாய்க்குப் போன சாமானுக்கு 367 ரூபாய்தான் வந்திருக்கிறது, மீதி எங்கே?" என்று நம்மிடம் வந்து கேட்கிறார்கள். பேரேடு எழுதிப் பழகிய நாம்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

ஏலமும் கூலியும் புதிதல்ல

நமக்கு அருகில் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் கரைக்கு வரும் மீன் ஏலத்தில்தான் விலை போகிறது. சந்தைகளில் வாழைக்குலையும் அப்படியே. ஏலம் கூறுபவருக்குக் கூலி உண்டு. மண்டிக்குத் தரகு உண்டு. ஏற்றுகூலி, இறக்குகூலி, மகமை எல்லாம் உண்டு. ஆனால் அவை மண்டிப் பட்டியலில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சரக்குக் கொண்டுவந்தவர் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடுவார்.

பணத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் என்றும் கூலி இருந்தது. மணியார்டருக்கு 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன் இருந்த காலத்தை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அது 5 சதவீதம். டிமாண்ட் டிராப்டுக்குக் கமிஷன். வெளியூர்ச் செக்கை மாற்றக் கமிஷன். வி.பி.பி.யில் பார்சல் அனுப்பினால், தபால்காரர் வாங்குபவரிடம் பணத்தை வாங்கிய பிறகு அது மணியார்டராக நமக்கு வந்து சேரும். அதற்கும் கட்டணம்தான்.

எனவே இணையத்தில் கட்டணம் பிடிக்கிறார்கள் என்பதில் அதிசயம் இல்லை. எதற்காகப் பிடிக்கிறார்கள், எந்தத் தொகையின் மேல் பிடிக்கிறார்கள், யார் தலையில் விழுகிறது என்ற மூன்றும் தெரியாமல் விற்பதுதான் ஆபத்து.

இரண்டு கூலிகள்

இணைய ஏலத்தில் இரண்டு விதமான கூலி உண்டு. ஒன்று, இடத்துக்கான கூலி. தளம் நம் பொருளைக் காட்டி ஆள் பிடித்துத் தருகிறதல்லவா, அதற்கான தரகு. மற்றொன்று, பணத்துக்கான கூலி. வாங்குபவர் கார்டிலோ வங்கியிலோ செலுத்தும் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்ப்பதற்கான கட்டணம்.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாகக் கலந்தன என்பதை அமெரிக்க நிறுவனமான ஈபேயின் வரலாறு காட்டும். 1995 இல் தொடங்கிய அந்த ஏலத் தளத்தில், ஆரம்பத்தில் வாங்குபவர்கள் செக்கையும் மணியார்டரையும் தபாலில் அனுப்பினார்கள். பணம் வந்து சேர்ந்த பிறகே பொருள் கிளம்பும். அந்தத் தாமதத்தைப் போக்க வந்ததுதான் பேபால். 2002 இல் அதை ஈபே 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2015 இல் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன.

பேபாலின் அமெரிக்கக் கட்டணம் பல ஆண்டுகள் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்டும் என்று இருந்தது. சதவீதம் சிறியதுதான். அந்த 30 சென்டில்தான் விஷயம் இருக்கிறது. 100 டாலர் பொருளுக்குக் கட்டணம் 3.20 டாலர், அதாவது 3.2 சதவீதம். 5 டாலர் பொருளுக்கு 44.5 சென்ட், அதாவது 8.9 சதவீதம். விலை குறையக் குறைய கூலியின் பாரம் ஏறுகிறது. எப்போதாவது சின்னப் பொருள் விற்பவருக்குத்தான் அதிக அடி.

பிற்பாடு ஈபே பணப் பட்டுவாடாவைத் தானே எடுத்துக்கொண்டது. 2021 வாக்கில் தரகையும் பணக் கூலியையும் ஒரே கட்டணமாகச் சேர்த்துவிட்டது. கணக்குப் பார்க்க எளிது. ஆனால் அந்தச் சதவீதம் பொருளின் விலை மேல் மட்டுமின்றி, அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது. நாம் தபால் நிலையத்தில் கட்டும் பணத்துக்கும் அவர்களுக்குத் தரகு.

பாஸி, பைசாபே

நம் நாட்டில் இந்த வியாபாரம் 2000 ஆம் ஆண்டில் பாஸி.காம் என்ற தளத்தோடு பரவியது. 2004 இல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி, பிறகு ஈபே இந்தியா என்று பெயர் மாற்றியது. அதில் பணம் செலுத்த பைசாபே என்ற ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் செலுத்தும் பணம் உடனே விற்றவருக்குப் போகாது. பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவர் கணக்குக்கு வரும். முகம் தெரியாத இருவருக்கு நடுவில் ஒரு நம்பிக்கையான ஆள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. அதற்குக் கட்டணம் வாங்கியதில் நியாயம் உண்டு.

இப்படி நடுவில் நிற்பவர் பிறர் பணத்தைத் தம் பணம்போல் புரட்டிவிடக் கூடாது என்பதற்காக ரிசர்வ் வங்கி 2009 நவம்பரில் விதி கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் அந்த விதிகளை இன்னும் இறுக்கி, பணத்தைத் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்றது.

ஈபே இந்தியா 2017 இல் பிளிப்கார்ட் வசம் போய், 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அந்தத் தளத்தை மட்டுமே நம்பியிருந்த சிறு விற்பனையாளர்கள், பல வருடம் சேர்த்த நற்பெயரையும் வாடிக்கையாளர்களையும் விட்டுவிட்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. சொந்தக் கட்டடத்தில் கடை வைப்பதற்கும், நினைத்தால் காலி செய்யச் சொல்லும் வாடகை இடத்தில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல.

கார்டும் யூ.பி.ஐ.யும்

கார்டில் பணம் வாங்கும்போது பிடிக்கும் கழிவுக்கு எம்.டி.ஆர். என்று பெயர். வாங்குபவரின் வங்கி, ரூபே, விசா போன்ற கார்டு அமைப்பு, நமக்குப் பணம் வாங்கித் தரும் வங்கி ஆகிய மூவரும் இதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இணையத்தில் நடுவில் இன்னொரு நிறுவனம் இருந்தால் அதற்கும் பங்கு.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் கூடாது. மற்றவர்களுக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. கிரெடிட் கார்டுக்கு இப்படி ஒரு வரம்பு வைக்கப்படவில்லை. 2020 ஜனவரி 1 முதல் யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். இல்லை என்று மத்திய அரசு ஆக்கியது. கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யோடு இணைத்துச் செலுத்துவது வேறு கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. விற்பவருக்கு இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருள் அல்ல. சிறு வணிகர்கள் 2,000 ரூபாய் வரை யூ.பி.ஐ.யில் பெறும் தொகைகளுக்காக வங்கிகள் முதலானோருக்கு 0.15 சதவீத ஊக்கத்தொகை தரும் திட்டத்துக்கு, 2024-25 ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. அதாவது அந்தச் செலவில் ஒரு பங்கை அரசுக் கருவூலம் ஏற்றது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் 2024 அக்டோபரில் ஈபே, சொந்தப் பொருள் விற்கும் தனிநபர்களுக்கு விற்பனைக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை வசூலிக்கத் தொடங்கியது. கட்டணம் மறையவில்லை, தோள் மாறியது. வாங்குபவர் தோளில் ஏறிய சுமையும் கடைசியில் ஏலக் கேள்வியைக் குறைத்துவிடும். 100 ரூபாய் வைத்திருப்பவர் கட்டணத்துக்கு 5 ரூபாய் ஒதுக்கிவிட்டு 95 ரூபாய்தான் கேட்பார்.

ஒரு சிட்டை போட்டுப் பார்ப்போம்

கட்டண விகிதம் தளத்துக்குத் தளம் மாறும். புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம் மட்டும் பார்ப்போம். ஓர் ஓலைப் பெட்டியின் அடக்கம் 240 ரூபாய். அட்டை, டேப், கட்டும் செலவு 20 ரூபாய். ஏலத்தில் 300 ரூபாய்க்குப் போகிறது. தபால் செலவு 100 ரூபாய் வாங்குபவருடையது. அவர் செலுத்துவது 400 ரூபாய். கட்டணமே இல்லாவிட்டால் நமக்கு மிச்சம் 40 ரூபாய்.

பணக் கூலி 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய்க்கு அல்ல, 400 ரூபாய்க்கு. அது 8 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.44 ரூபாய். ஆக 9.44 ரூபாய். "வெறும் 2 சதவீதம்" என்றது, 40 ரூபாய் லாபத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையான கட்டணம் 20 ரூபாய் என்றால், ஜி.எஸ்.டி.யோடு 23.60 ரூபாய். இரண்டும் சேர்ந்து 33.04 ரூபாய். கணக்கில் வந்து விழுவது 366.96 ரூபாய். தபாலுக்கு 100, அடக்கமும் கட்டும் செலவும் 260 போக, கையில் நிற்பது 6.96 ரூபாய். பார்சல் ஒன்று திரும்பி வந்து தபால் செலவு 100 ரூபாய் நம் தலையில் விழுந்தால், அதை ஈடுகட்ட இதேபோல் இன்னும் 15 பெட்டி விற்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கட்டணமும் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். பேபால் 2019 இல் அப்படித் திருப்பித் தருவதை நிறுத்தியது.

அதே கட்டண விகிதத்தில் 3,000 ரூபாய் விளக்கு ஒன்றை 100 ரூபாய் தபால் செலவோடு விற்றால் மொத்தக் கட்டணம் 96.76 ரூபாய், அதாவது 3.1 சதவீதம். ஓலைப் பெட்டிக்கு அது 8.26 சதவீதம். தளமும் ஒன்று, விகிதமும் ஒன்று. சின்னப் பொருளுக்கு மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் பாரம்.

இதற்கு வழி இருக்கிறது. 40 ரூபாய் நிச்சயம் மிஞ்ச வேண்டுமானால் ஏலத்தின் தொடக்க விலையை 334 ரூபாயாக வைக்க வேண்டும். அல்லது இரண்டு பெட்டிகளைச் சோடியாகச் சேர்த்து 600 ரூபாய்க்கு விற்க வேண்டும். தபால் 120 ரூபாய் என்றால் கட்டணம் மொத்தம் 40.59 ரூபாய். பெட்டி ஒன்றுக்கு 33 ரூபாயாக இருந்தது 20 ரூபாய் 30 பைசாவாகக் குறைகிறது.

வரியும் எல்லையும்

கட்டணத்தின் மேல் விழும் ஜி.எஸ்.டி.யை, பதிவு பெற்று முறைப்படி வரி கட்டும் வணிகர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு விற்பனையாளருக்கு அது முழுச் செலவு. அதே கட்டணம் அவருக்கு நம்மைவிடக் கூடுதலாக விழுகிறது.

பிடித்தம் என்று இன்னும் இரண்டு வரிகள் பட்டியலில் வரலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி தளம் வசூலிக்கும் டி.சி.எஸ். 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கி, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாயிற்று. வருமான வரிக்கான டி.டி.எஸ். 2020 அக்டோபரில் வந்து, 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் தனிநபர், பான் அல்லது ஆதார் எண் கொடுத்திருந்தால் டி.டி.எஸ். பிடித்தம் கிடையாது. இவை இரண்டும் கட்டணம் அல்ல. நம் பெயரில் வரவு வைக்கப்படும் பணம். கணக்கில் எடுத்துத் திரும்பப் பெறாமல் விட்டால்தான் நட்டம்.

வீட்டில் புழங்கிய பழைய பொருளை விற்பது வியாபாரம் ஆகாது, அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பழைய நகையைத் தனிநபர் விற்பது பற்றி 2017 ஜூலையிலேயே மத்திய அரசு இப்படித்தான் விளக்கம் தந்தது. வாங்கி விற்பதும், செய்து விற்பதும் வேறு.

அப்படி விற்பவர்கள், தளத்தின் வழியாக ஒரு ரூபாய்க்குச் சரக்கு விற்றாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதே முதலில் இருந்த விதி. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது. விற்றுமுதல் பதிவு வரம்புக்குள் இருந்தால், பான் எண் கொடுத்துச் சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு பதிவில்லாமலே விற்கலாம். அவர்களிடம் டி.சி.எஸ். பிடித்தமும் இல்லை. ஆனால் மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை மற்ற மாவட்டங்களுக்குப் பெரிதல்ல. நமக்குப் பெரிது. 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டத்துக்கு, களியக்காவிளை தாண்டினால் கேரளம். பதிவில்லாமல் தளத்தில் விற்கும் நம் ஊர்ப் பெண் ஒருவர், தம் ஓலைப் பெட்டியை ஓசூருக்கு அனுப்பலாம், எல்லைக்கு அப்பால் அடுத்த ஊரான பாறசாலைக்கு அனுப்ப முடியாது. கைவினைப் பொருள்களுக்குத் தனிச் சலுகைகள் இருப்பதால் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எல்லை மாவட்டத்துச் சிறு விற்பனையாளருக்கு ஒரு வரம்பு வரை அண்டை மாநில விற்பனைக்கும் இந்தத் தளர்வைக் கேட்டு நம் சங்கங்கள் மனு கொடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கட்டணமில்லாத பாதையில் உள்ள பள்ளம்

இத்தனை பிடித்தமும் வேண்டாம் என்று, விளம்பரம் மட்டும் போடும் தளங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நேராக விற்பவர்கள் பலர். யூ.பி.ஐ.யில் பணம் வந்துவிடும், கழிவு இல்லை. ஆனால் நடுவில் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆளும் இல்லை. மோசக்காரர்கள் இங்கேதான் நுழைகிறார்கள். வாங்குபவர்போல் பேசி, "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். போட்டால் நம் பணம் அவர்களுக்குப் போய்விடும். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். பணம் கொடுப்பதற்குத்தான் அவை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பொருளை ஏலத்துக்கு விடும் முன் தளத்தின் கட்டணப் பட்டியலைப் படிக்க வேண்டும். சதவீதம், நிலையான கட்டணம், ஜி.எஸ்.டி. என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. சதவீதம் விலை மேலா, தபால் செலவும் சேர்ந்த மொத்தத்தின் மேலா என்று பார்க்க வேண்டும்.

3. கட்டணத்தை விற்பனை விலையோடு ஒப்பிடாமல், நம் லாபத்தோடு ஒப்பிட வேண்டும்.

4. சிறு பொருள்களைச் சேர்த்து ஒரே உருப்படியாக விற்க வேண்டும்.

5. யூ.பி.ஐ.யில் வந்த பணத்துக்குப் பணக் கூலி என்று பிடித்திருந்தால், அது எதற்கான கட்டணம் என்று எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும்.

6. தளம் தரும் மாதக் கணக்கை நாள்வழியில் பதிந்து, வங்கி வரவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். டி.டி.எஸ்., டி.சி.எஸ். வரவைத் தவறாமல் எடுக்க வேண்டும்.

7. ஒரே தளத்தை நம்பியிருக்கக் கூடாது. வாங்கியவர்களிடம் நம் கடை முகவரியும் போய்ச் சேர வேண்டும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் பெரியவர்கள். வீட்டுப் பெண்களும் இளைஞர்களும் சொந்த முயற்சியில் நாலு காசு பார்க்க நினைப்பது நல்ல காரியம். ஆறு ரூபாய் 96 பைசா லாபத்துக்கு அவர்கள் பெட்டி கட்டித் தபால் நிலையத்துக்கு நடந்தால், நாலு மாதத்தில் அலுத்துப்போய் வியாபாரமே ஆகாத தொழில் என்று விட்டுவிடுவார்கள். நம் கடைக்கு வரும் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு துண்டுத் தாளில் மேற்படிக் கணக்கைப் போட்டுக் காட்டுவது, அனுபவமுள்ள வணிகர்களாகிய நம் கடமை.

வாழ்க வணிகம்! ஓங்குக வணிகர் ஒற்றுமை!